மூன்று முறை எழுந்து வந்த சிறுவன்

சீலோவின் ஆலயத்தில் படுத்துறங்கிய சிறுவன் சாமுவேலின் கதையை நம் வாசகர் யாவரும் அறிவர். இரவில் ஒரு குரல் அவனைப் பெயர் சொல்லி அழைக்கின்றது. குரு ஏலிதான் அழைத்தார் என எண்ணி அவன் எழுந்து ஓடுகின்றான். தாம் அழைக்கவில்லை என்று கூறி, அவனைத் திரும்பப் போய்ப் படுக்கச் சொல்கின்றார் அம்முதியவர். இரண்டாம் முறையும் அவ்வாறே நிகழ்கின்றது. மூன்றாம் முறை அவன் வந்து நின்றபோதுதான், அழைப்பவர் ஆண்டவர் என்பது ஏலிக்குப் புலப்படுகின்றது.

இறையழைத்தல் ஞாயிறுகளில் இக்கதையை நாம் பலமுறை மறையுரையாக விளக்கியதுண்டு. சாமுவேலின் கீழ்ப்படிதலைப் புகழ்ந்திருக்கின்றோம். ஏலியைப் பற்றியோ போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. கண்பார்வை மங்கிய அந்த முதியவர், இச்சிறுவன் பொய் சொல்லவில்லை, இவனுக்குள் ஏதோ நிகழ்கின்றது என்பதை மூன்றாம் முறையாவது உணர்ந்துகொண்டார். அப்போதும் அவர் அதட்டி அனுப்பியிருந்தால் அவன் நான்காம் முறை எழுந்து வந்திருப்பானா?

இவ்வினாவை நம் உள்ளத்தில் எழுப்பியவன் நம் பள்ளித் தோழன் ஒருவன். அவனும் சிறுவயதில் மூன்று முறை எழுந்து வந்தான். மூன்று முறையும் திருப்பி அனுப்பப்பட்டான். இரண்டாம் முறை அவன் வந்து தட்டிய கதவு நம்முடையது.

அவன் தன்பாலீர்ப்பு உடையவன். அதாவது, பெண்களிடத்தன்றி ஆண்களிடத்தே நெஞ்சின் ஈர்ப்பை உணரும் இயல்பினன். ஈண்டு நாம் எழுதுபவை ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டவை அல்ல. பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து அவனே கூறியவை. "பேரும் ஊரும் வேண்டாம், மத்தத எழுது, இன்னொரு பிள்ளைக்கு ஆகும்" என்று அவன் இசைந்த பின்னரே எழுதுகின்றோம்.

1981-ஆம் ஆண்டு. தூத்துக்குடிப் பகுதியின் ஒரு விடுதியில் தங்கி, இருவரும் எட்டாம் வகுப்பில் பயின்றோம். இருவரும் பூசைக்கு உதவும் சிறுவர்கள். அதிகாலை மணியோசைக்கு அவன்தான் முதலில் எழுவான்; நம்மையும் தட்டி எழுப்புவான். தூபக்கலத்தில் கரி பற்றவில்லையெனில் பொறுமையுடன் ஊதிக்கொண்டிருப்பான். அவனுடைய பேச்சு மென்மையானது, நடையும் அவ்வாறே. அதற்காகச் சிறுவர்கள் அவனுக்குப் பட்டப்பெயர்கள் வைத்திருந்தனர். அவற்றை இங்கு எழுத நம் கை கூசுகின்றது. அன்று அவற்றைச் சொல்ல நம் நாக்குக் கூசவில்லை.

விடுதியில் தவக்காலந்தோறும் பாஸ்கா நாடகம் நடைபெறும். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்பர். அவ்வாண்டின் தவக்காலத்தில், ஏழாம் வகுப்பு முடியும் தறுவாயில், வெரோணிக்காவாக நடிக்கும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டியது. மேடையில் அந்தத் துணிக்கு ஓர் ஏற்பாடு உண்டு. ஆண்டவரின் திருமுகத்தை ஓவிய ஆசிரியர் முன்னதாகவே உள்மடிப்பில் வரைந்து வைத்திருப்பார். வெளிமடிப்பால் துடைத்துவிட்டு, உள்மடிப்பை மக்கள் பக்கம் விரித்துக் காட்ட வேண்டும். அவன் விரித்தபோது ஆலய முற்றமே விம்மியது. மூதாட்டியர் எழுந்து நின்று சிலுவை அடையாளம் வரைந்துகொண்டனர். மறுநாட்காலை, அதே ஊர்த் தெருவில் அவன் நடந்து சென்றபோது, அதே மக்களில் சிலர் சீழ்க்கை அடித்தனர். மேடையில் அழச்செய்த அதே மென்மைதான் தெருவில் நகைப்புக்குரியதாயிற்று. அதிலுள்ள முரண் அன்று நமக்கு விளங்கவில்லை.

மென்மையான நடையும் தன்பாலீர்ப்பும் ஒன்றல்ல என்பதை இங்கு சொல்லியாக வேண்டும். மென்மையாகப் பேசும் ஆடவர் பலர் மணம் முடித்து மக்களைப் பெற்று வாழ்கின்றனர். முரட்டுத் தோற்றமுடைய சிலரின் உள்ளம் வேறாக இருத்தலும் உண்டு. திருநங்கையரின் வாழ்வு இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. நம் ஊரார் மூன்றையும் ஒரே வசைச் சொல்லில் அடைத்துவிட்டனர். ஆகவே அச்சிறுவன் தன்னைப் பற்றி முதன்முதலில் கேட்ட சொல்லே ஓர் ஏச்சாக இருந்தது.

தான் வேறுபட்டவன் என்பது பன்னிரண்டு வயதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டதாம். கோடை விடுமுறையில் ஒருநாள் இரவு, செபமாலை முடிந்து, தங்கைகள் உறங்கிய பின், அவன் அம்மாவிடம் சென்றான். "அம்மா, நான் மத்தப் பையங்க மாதிரி இல்லியோ?" என்று கேட்டான். விளக்கைத் தணித்துக்கொண்டிருந்த அத்தாய் திரும்பவில்லை. "பேசாம செபத்தச் சொல்லிட்டுப் படுல" என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். எந்தக் கேள்வி தன் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதென்று அஞ்சினாரோ, அதுவே வந்துவிட்டது. அதனால் கேளாதவர் போல் இருந்துவிட்டார். இது முதல்முறை.

இரண்டாம் முறை அவன் வந்தது நம்மிடம். நவம்பர் மாதம், கல்லறைத் திருநாள் கழிந்த வாரம். மழையில் விளையாட்டு நின்றுபோக, சக்கிரீஸ்தில் இருவரும் மெழுகுதிரித் துண்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். கால்பந்து ஆடும் மேல்வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றி அவன் பேசத் தொடங்கினான். "நீங்கல்லாம் பிள்ளைகளப் பத்திப் பேசுவீங்கள்லா? எனக்கு அவனப் பாத்தா அப்படி இருக்கு. இது தப்பால?" என்று கேட்டான். அவன் கேட்டது அவ்வளவே. யாரையும் அவன் தீண்டியதில்லை. யாரிடமும் முறைகேடாக நடந்ததில்லை. தன் நெஞ்சில் எழுந்த ஒன்றின் பெயர் தெரியாமல், தெரிந்தவன் என நம்பிய ஒருவனிடம் கேட்டான்.

நாம் சிரித்தோம். அன்றிரவே படிப்புக்கூடத்தில் மூவரிடம் சொன்னோம். விடிவதற்குள் விடுதி முழுவதும் பரவிற்று. காப்பாளர் நம்மை அழைத்து வினவியபோது, "ஆம், அவனே சொன்னான்" என்று சான்று பகர்ந்தோம். உண்மை பேசியதற்காகப் பாராட்டவும் பட்டோம். பூசைக்கு உதவுவதிலிருந்து அவன் நீக்கப்பட்டான். அவனுடைய பாய் பொதுக்கூடத்திலிருந்து வராந்தாவின் மூலைக்கு மாற்றப்பட்டது. மார்கழிப் பனியில் அவன் அங்கே தனியே படுத்திருந்தான்.

இத்தகைய கட்டுரைகளில் 'நாம்' என்று எழுதுவது மரபு. அம்மரபைப் பயன்படுத்தி, இப்பழியைப் பலர்மீது பங்கிட்டுவிட நாம் விரும்பவில்லை. இதைச் செய்தது ஒரே ஒரு சிறுவன். அவன் பின்னாளில் குருவானான்.

1982-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் வெரோணிக்காவின் வேடம் நமக்குத் தரப்பட்டது. ஒத்திகை ஒன்றில் துணியை வெடுக்கென்று விரித்தோம், படம் மடங்கிக்கொண்டது. ஆசிரியர் கடிந்துகொண்டார். ஒத்திகை முடிந்து, தண்ணீர்த் தொட்டியருகே நாம் நின்றபோது, பல மாதங்களாக யாரோடும் பேசாதிருந்த அவன் நம் அருகில் வந்தான். "மெதுவா விரி. ரெண்டு முனையையும் ஒண்ணா விடாத. முதல்ல இடக்கை, அப்புறம் வலக்கை. அப்பத்தான் முகம் முழுசாத் தெரியும்" என்று கூறிவிட்டுப் போய்விட்டான். அவன் சொன்னவாறே செய்தோம். மக்கள் அழுதனர். அவனுக்கு நாம் நன்றி கூறவில்லை.

மூன்றாம் முறை அவன் எழுந்து சென்றது அதே தவக்காலத்துத் தியானத்தின்போது. வெளியூரிலிருந்து வந்த போதகர் பாவசங்கீர்த்தனம் கேட்டார். கட்டத்தின் முன் முழந்தாளிட்டு அவன் தன் உள்ளத்தைத் திறந்தான். எத்தனை முறை செய்தாய் என்று அவர் கேட்டாராம். ஒன்றும் செய்யவில்லை, அப்படி இருக்கிறது என்று மட்டும் இவன் சொன்னானாம். செய்யாத பாவத்திற்கு எண்ணிக்கை கேட்டால் சிறுவன் என்ன சொல்வான்? அவன் தடுமாறியதை அவர் மறைப்பதாகக் கொண்டார். அந்த எண்ணத்தை விட்டொழித்துவிட்டு வா, பிறகு மன்னிப்புப் பெறலாம் என்று அனுப்பிவிட்டார். அவ்வெண்ணம் தன்னைவிட்டு நீங்கிய பின்னரே நன்மை வாங்குவதென்று அவன் அன்று தீர்மானித்தான். அப்போது அவனுக்கு வயது பதின்மூன்று.

கோடையில் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அவனை வீட்டுக்கு அனுப்பினர். அவன் தந்தை உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. வெயிலில் நின்றால் ஆம்பிளையாவான் என்று கூறி, மகனைப் பாத்திகளில் உப்பு வார நிறுத்தினார். உப்புநீர் அரித்துக் கால்விரல்களின் இடுக்கெல்லாம் புண்ணாயிற்று. எரிச்சலில் இரவெல்லாம் அவன் உறங்கியதில்லை. உள்ளூர்ப் பள்ளியில் எப்படியோ படித்து முடித்து, மாமன் ஒருவருடன் பம்பாய்க்குச் சென்றவன், அதன்பின் ஊருக்கு வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நாம் குருமடம் சேர்ந்தோம். அவனை மறந்தும் போனோம். மறத்தல் எவ்வளவு எளிதாயிருந்தது என்பதை நினைக்குந்தோறும் இன்று வியப்பே மேலிடுகின்றது. 1986 அக்டோபரில், தன்பாலீர்ப்பு உடையோருக்கான மேய்ப்புப்பணி குறித்து, விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு மடல் ஒன்று விடுத்தது. பின்னர் வகுப்பில் அதனைப் பயின்றோம். அவ்வீர்ப்பு தன்னளவில் பாவமன்று என்றும், இவர்கள் சொல்லாலும் செயலாலும் வன்மத்திற்கு ஆளாவது வருந்தத்தக்கது என்றும் அம்மடலில் உள்ளது. அப்பகுதியைத் தேர்வுக்காக மனனம் செய்தோம்; நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். வராந்தாவின் மூலையில் கிடந்த அந்தப் பாய் ஒருமுறைகூட நம் நினைவுக்கு வரவில்லை. படித்த பாடமும் நம் வாழ்வும் வெவ்வேறு அறைகளில் பூட்டிக் கிடந்தன.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, இத்தகையோரை மதிப்போடும் பரிவோடும் கனிவோடும் ஏற்க வேண்டுமெனவும், அவர்களுக்கெதிரான நீதியற்ற பாகுபாட்டின் எந்த அடையாளமும் தவிர்க்கப்பட வேண்டுமெனவும் பணிக்கின்றது. இச்செயல்களைத் திருச்சபை ஏற்பதில்லை என்பதையும், எல்லாரையும் போல இவர்களும் கற்புநெறிக்கு அழைக்கப்பட்டுள்ளனர் என்பதையும் அதே நூல் கூறுகின்றது. அப்போதனையை மாற்றி எழுதும் அதிகாரம் நமக்கில்லை; மறைத்து எழுதவும் மனமில்லை. அவ்வீர்ப்பை ஒழுங்கற்றதென அந்நூல் குறிப்பிடும் சொல் நம் தோழனைப் போன்றோரை எவ்வளவு புண்படுத்துகின்றது என்பதையும் அறிவோம். எனினும், போதனையை எவ்வளவு கண்டிப்போடு பொருள்கொண்டாலும், பதின்மூன்று வயதான அச்சிறுவனிடம் பாவம் இல்லை. பாவம் இருந்தது அவனைச் சூழ்ந்திருந்த நம்மிடத்தில்.

2019-ஆம் ஆண்டின் இறுதியில், அவனுடைய தாயார் இறைவனடி சேர்ந்தார். அப்போது நாம் பணியாற்றிய பங்கிலேயே அவர் வாழ்ந்துவந்ததால், அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். கடைசி இருக்கையில் நரைத்த தலையுடன் ஒருவர் அமர்ந்திருந்தார். நற்கருணை வேளையில் அவர் எழுந்து வரவில்லை. கல்லறையில் மண்ணிடும்போதுதான் அவனை அடையாளம் கண்டோம். மாலையில் பங்கு இல்லத்திற்கு வந்தான். "சாமி" என்றே முதலில் அழைத்தான். ஒரு குவளைத் தேநீர் ஆறும்வரை பேசாதிருந்துவிட்டு, "ஏல, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றான்.

அன்று அவன் சொன்னவையே மேலே எழுதியவை. குரல் உயர்த்தாமல், பிறர் கதைபோலச் சொன்னான். "அந்த எண்ணம் போவும் போவும்னு காத்திருந்தேன். அது போகவே இல்ல. முப்பத்தேழு வருசம் ஆச்சு" என்றபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். பம்பாயில் வாழ்ந்த காலமெல்லாம் ஞாயிறு பூசையை அவன் விட்டதில்லையாம். நன்மைக்கு மட்டும் எழுந்ததில்லையாம்.

அதற்கு முந்திய ஆண்டு, 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் இருவர் தாமே இசைந்து கொள்ளும் தன்பாலுறவு குற்றமன்று என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு அந்த அளவுக்கு வலுவிழந்தது. அத்தீர்ப்பு வந்த நாளில் என்ன நினைத்தாய் என்று கேட்டோம். "அம்மைக்கு போன் போட்டேன். ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டியான்னு கேட்டா" என்றான். சற்றுப் பொறுத்து, தந்தை மறைந்தபின் அம்மா தன்னிடம் கலியாணப் பேச்சை எடுத்ததே இல்லை என்றும், உறவினர் எவரேனும் கேட்டால், "அவன் பாட்ட அவன் பாத்துக்கிடுவான், நீங்க உங்க பிள்ளையப் பாருங்க" என்று வாயடைத்துவிடுவார் என்றும் கூறினான். "அவளுக்குத் தெரியும்ல" என்றான். விளக்கைத் தணித்தபடி திரும்பாதிருந்த அத்தாய், எத்தனையோ ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்திருக்கின்றார். ஏலியைப் போல் காலந்தாழ்த்தியேனும் கேட்டிருக்கின்றார்.

நாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். குருத்துவ உடையில் அமர்ந்து பிறருக்கு மன்னிப்பு வழங்கிப் பழகிய நமக்கு, அவ்வுடையிலேயே மன்னிப்புக் கேட்பது எளிதாயில்லை. அவன் நெடுநேரம் தெருவைப் பார்த்தவாறு இருந்தான். பின், "அப்ப உனக்குப் பதிமூணு வயசு. எனக்கும் பதிமூணு வயசுதான்" என்றான். அது மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று நமக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

அன்பு வாசகர்களே, இவற்றைப் பழங்கதையாக நாம் எழுதவில்லை. நம் பங்குகளின் மறைக்கல்வி வகுப்புகளிலும், பீடச்சிறுவர் குழுக்களிலும், விடுதிகளிலும் இத்தகைய பிள்ளைகள் இன்றும் உள்ளனர். நம் இளமைக் காலத்தில் ஊரார் வாயிலும் பாடநூலிலும் இதற்கிருந்த பெயர்கள் செயலையும் நோயையும் குற்றத்தையுமே குறித்தன. பிள்ளையைக் குறிக்க ஒரு பெயர் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1990-இல் இதனை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. 2022-இல் தமிழ்நாடு அரசு, சென்னை உயர்நீதிமன்றத்தின் தூண்டுதலால், இவர்களைக் குறிக்கும் மதிப்பான தமிழ்ச் சொற்களை அரசிதழில் வெளியிட்டது. மருந்தாலும் மிரட்டலாலும் இவ்வியல்பை மாற்ற முயல்வது மருத்துவருக்குத் தொழில்முறைக் குற்றமென்று தேசிய மருத்துவ ஆணையம் அதே ஆண்டில் அறிவித்தது. 2025-இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இவ்வியல்பு குற்றமன்று என 2023-இல் வெளிப்படையாகவே கூறினார். அமெரிக்க ஆயர்களின் குடும்பப் பணிக்குழு, இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்கென 1997-இலேயே ஒரு மடல் எழுதியது. அவர்கள் என்றும் நம் பிள்ளைகளே என்பது அதன் தலைப்பின் பொருள்.

ஆயினும் ஒரு பிள்ளை இரவில் எழுந்து வரும்போது, அரசிதழோ திருமடலோ அவன்முன் நிற்பதில்லை. தாய் நிற்கின்றார், தந்தை நிற்கின்றார், ஆசிரியரோ, குருவோ, பதின்மூன்று வயதுத் தோழனோ நிற்கின்றான். அந்த ஒரு நொடியில் நாம் சிரியாதிருக்க வேண்டும், பதறாதிருக்க வேண்டும், அவன் கேளாத பாவத்தை அவன்மேல் சுமத்தாதிருக்க வேண்டும். அவன் நம்பிச் சொன்னதை அவனுடைய இசைவின்றி இன்னொருவரிடம் கொண்டுசெல்லாதிருக்க வேண்டும். பிரார்த்தனைக் கூடங்களுக்கும் பேயோட்டுவோரிடத்தும் அவனை இழுத்துச் செல்வதோ, ஒரு பெண்ணின் வாழ்வையும் சேர்த்துக் கெடுக்கும் வகையில் அவசரமாக மணமுடித்து வைப்பதோ தீர்வாகாது. நீ என் பிள்ளை, இதனால் உனக்கும் எனக்கும் உள்ள உறவில் ஒன்றும் குறையாது என்று சொல்வதற்கு எந்த இறையியல் பட்டமும் தேவையில்லை. மற்றவற்றைப் பொறுமையோடு பிறகு பேசலாம். அவன் உயிரோடும் நம்பிக்கையோடும் நம் அருகில் இருந்தால்தானே பிறகு பேச முடியும்?

அம்மாவின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு அவன் மீண்டும் வந்தான். அதே கடைசி இருக்கை. நற்கருணை வேளையில் வரிசை நகர்ந்தது. அவன் எழுந்ததைப் பீடத்திலிருந்து கண்டோம். இரண்டடி வைத்தான், நின்றான், மீண்டும் அமர்ந்துகொண்டான். வரிசை தீர்ந்தது. பாடற்குழுவினரின் பாட்டும் முடிந்தது. பாத்திரத்தைக் கையில் ஏந்தியவாறு, வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் அங்கேயே நின்றோம். மக்கள் சிலர் நிமிர்ந்து பார்த்தனர். பிறகு பீடத்திற்குத் திரும்பினோம்.

இப்போது திருநாட்களில் தொலைபேசியில் பேசுகின்றான். பேச்சின் முடிவில், "பூசையில அம்மைய நெனச்சிக்க" என்பான். அவன் அம்மாவோடு அவனையும் நினைத்துக்கொள்கின்றோம். வாசகர்களும் நினைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.